அஞ்சாவது ஃபைல்

அய்யோ, அதை அமுக்காதீங்க அக்கா! சாரி, கத்திட்டேன். ஒண்ணும் வெடிக்காது. ஆனா நான் சொல்லி முடிச்சப்புறம் அமுக்குங்களேன். பாதியில அமுக்கிட்டா எங்க விட்டேன்னு எனக்கே மறந்துடும்.

அப்பா ஃபோன்ல உங்ககிட்ட என்ன சொன்னார்? மிஷின் ஓடலன்னு மட்டும்தானே? தெரியும். அவர் தலைப்புச் செய்தியோட நிறுத்திக்குவார். நான் முழுச் செய்தியும் சொல்றேன், வானிலை வரைக்கும்.

இல்ல அக்கா, சுருக்கமால்லாம் எனக்கு வராது. பள்ளிக்கூடத்துலயும் இதே பேச்சுதான். ஆமா, விட்டுட்டேன், போன வருஷம். ஃபெயிலெல்லாம் ஆகல. உட்கார முடியல, அவ்வளவுதான். எட்டு பீரியடு ஒரே பெஞ்சுல உட்கார்றதுக்கு எட்டு மணி நேரம் இங்க நின்னு பசை தடவலாம். எல்லாரும் இப்படித்தான் பார்ப்பாங்க, நீங்க இப்ப பார்க்கிற மாதிரி. பழகிடுச்சு.

சரி, செய்தி. நாங்க அட்டைப்பெட்டி செய்யறவங்க. அந்தப் பெரிய மேஜை இருக்கே, அதுதான் கட்டிங் மிஷின். அட்டையை விரிச்சு வச்சா, வெட்ட வேண்டிய இடத்துல கத்தி ஓடும், மடிக்க வேண்டிய இடத்துல ஒரு சின்னச் சக்கரம் ஓடி கோடு அமுக்கும். எங்க கத்தி, எங்க சக்கரம்னு சொல்றது இந்த கம்ப்யூட்டர். நீளம், அகலம், உயரம்னு மூணு நம்பர் அடிச்சா போதும், டப்பாவைப் பிரிச்சுப் போட்ட மாதிரி படம் வந்துடும். அந்த புரோகிராம் கடையில வாங்குனது இல்ல. எங்க அண்ணன் எழுதுனது. அதனாலதான் நெட்ல தேடினா எங்கயும் கிடைக்காது. ஊர் உலகத்துலயே இதை யூஸ் பண்றது இந்த ஷெட்டு மட்டும்தான்.

அண்ணன் இங்க இல்ல. மூணு வருஷமா இல்ல. இன்னைக்கு வர்றான், நாலு மணி பஸ்ல. இதைச் சரி பண்ணத்தான் வர்றான்.

அதேதான் நானும் கேட்டேன் அக்கா! அவன் வர்றப்போ உங்களை எதுக்குக் கூப்பிட்டார்னு. அதுதான் எங்கப்பா. அண்ணன் வர்றான்னு நேத்து ராத்திரி சாப்பிடறப்போ சொன்னேன். தட்டைப் பார்த்துக்கிட்டே, ஊர்ல வேற ஆளே இல்லையா, இதுக்குப் போய் அவன் பஸ் ஏறி வரணுமான்னார். காலையில உங்களுக்கு ஃபோன். நீங்க சரி பண்ணிட்டீங்கன்னா, அம்மா அவனுக்கு ஃபோன் போட்டு, வேலை முடிஞ்சுது, அங்கேயே இறங்கித் திரும்பிடுன்னு சொல்லணுமாம். அவனும் லேசுப்பட்டவன் இல்ல. மிஷினுக்காகத்தான் வர்றேன், நடுவுல ஓடிடுச்சுன்னா சொல்லிடு, பாதி வழியிலயே இறங்கிக்கிறேன்னுதான் பஸ்ஸே ஏறியிருக்கான். ரெண்டு பேரையும் ஒரே அட்டையில வெட்டியிருக்காங்க.

மணி என்ன? மூணு அஞ்சா. சரி, சரி.

கெடுத்தது யாரு? நான்தான். இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. மானிட்டருக்கு மேல பார்த்தீங்களா, அட்டையில மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்காரு, தொடாதேன்னு. அண்ணன் போன மறுநாள் ஒட்டுனது. இந்த கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன ஐகானைக்கூட இடம் மாத்த விடமாட்டார். ஆனா அது தினமும் கேட்குது அக்கா. புது வெர்ஷன் வந்திருக்கு, மாத்திக்கிறியா, மாத்திக்கிறியான்னு. பதினேழு நாள் அப்புறம், அப்புறம்னு அமுக்கினேன். பதினெட்டாம் நாள் எரிச்சல் வந்து சரின்னு அமுக்கிட்டேன். ஒரு மணி நேரம் ஓடுச்சு. முடிஞ்சதும் என்ன அழகு! எழுத்தெல்லாம் பளிச்னு, பின்னாடி ஒரு மலைப் படம். அம்மாவைக் கூப்பிட்டு மலையைக்கூடக் காட்டினேன். அப்புறம் அண்ணனோட புரோகிராமைத் திறந்தேன். திறக்கல. ஒரே ஒரு வரி. இன்ன ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியல, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு. மலை மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்கு.

அது உங்களுக்குத் தெரியும் அக்கா. அம்மாவுக்குத் தெரியாதில்ல? இங்க வேலை செய்யறவங்க ஆளுக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலா வச்சிருக்கோம்னு கேட்டேன். டிராயர்ல ஒண்ணு இருக்கு, வேணும்ங்கிறவங்க எடுத்துக்குவோம். புரோகிராமும் அப்படித்தாம்மா, எல்லாத்தையும் தானே முதுகுல தூக்கிட்டு அலையாது, பொது டிராயர்ல இருக்கிறதை எடுத்துக்கும். நான் டிராயரையே மாத்திட்டேன்னு சொன்னேன். அம்மாவுக்கு உடனே புரிஞ்சுடுச்சு. அப்பாவுக்குச் சொன்னா மாத்தி வைடின்னார். மாத்தி வைடி! புடவையா அது, பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்க?

என்னப்பா? ஒண்ணும் இல்லப்பா! சொல்லிட்டு இருக்கேன்! பார்த்துட்டு இருக்காங்க!

பார்த்தீங்களா, தலையை நீட்டிட்டுப் போறார். உள்ள கையால வெட்டிட்டு இருக்கார். ஸ்கேல், பேப்பர் கத்தி, அவ்வளவுதான். கண்ணாடிக் கடைக்கு நானூறு டப்பா, நாளைக்குச் சாயங்காலம் குடுக்கணும். ஒரு டப்பாவுக்குப் பதினொரு வெட்டு, ஒம்பது மடிப்பு. சர்ருனு ஒரு சத்தம் வருதே, அதுதான். நாலு நாளா இதே சத்தம்.

முதல்ல நான் பண்ண முட்டாள்தனத்தைக் கேளுங்க. ஒரு பேர் காணோம்னு சொல்லுச்சா, தேடிப் பிடிச்சு இன்ஸ்டால் பண்ணேன். திறந்தேன், இன்னொருத்தரைக் காணோம்ங்குது. அவரையும் பிடிச்சேன். இன்னொருத்தர். ஒரு தடவைக்கு ஒரு பேர்தான் சொல்லுது அக்கா, மொத்த லிஸ்ட்டைத் தர மாட்டேங்குது. கடைக்கு அனுப்பிட்டு, திரும்பி வந்ததும் அய்யோ உப்பு மறந்துட்டேன்னு மறுபடி அனுப்பற மாதிரி. அப்புறம்தான் எல்டிடின்னு ஒரு கமாண்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சேன். சிரிக்காதீங்க! உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அதை அடிச்சதும் எல்லாருக்கும் ஒரே மூச்சுல அட்டென்டன்ஸ் எடுத்துடுச்சு. யார் வந்திருக்காங்க, எந்த ரூம்ல உட்கார்ந்திருக்காங்க, யார் ஆப்சென்ட். பள்ளிக்கூடத்துல எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான், இங்க அதைப் பார்த்துட்டு எழுந்து ஆடினேன். மொத்தம் நாப்பத்தொரு பேர். நான் ஏற்கெனவே பிடிச்ச ரெண்டு பேர் போக இன்னும் மூணு பேர் ஆப்சென்ட்.

அதுல ஒண்ணுதான் என்னைக் கவுத்துடுச்சு. கோடு வரையற லைப்ரரி. புரோகிராம் அஞ்சாம் நம்பர் கேட்குது, புது சிஸ்டத்துல ஆறாம் நம்பர் இருக்கு. நான் யோசிச்சேன், அஞ்சுல தெரிஞ்சது ஆறுல தெரியாமலா போயிடும்? ஆறுக்கு அஞ்சுன்னு பேர் வச்சு ஒரு லிங்க் போட்டு விட்டுட்டேன். தலையில கை வைக்கிறீங்க. வைங்க, வைங்க. நானும் அப்புறம் வச்சேன். ஆனா அந்த நிமிஷம் பார்க்கணுமே! அதைப் பத்தின கம்ப்ளெயின்ட் காணாமப் போயிடுச்சு! அந்த டெஸ்ட் விண்டோ இருக்கில்ல, டப்பா இல்லாம வெறும் கோடு மட்டும் வரைஞ்சு பார்க்கிறது, அது தனி புரோகிராம், அது அப்படியே திறந்துடுச்சு! நான் போட்ட கூச்சல்ல அம்மா பசை டப்பாவைக் கால்ல போட்டுக்கிட்டாங்க. ஒரு பெரிய அட்டையை வச்சு, நெருக்கமா நீள நீள மடிப்புக் கோடு, சுத்தி ஒரு வெட்டுன்னு போடச் சொல்லி, ஓட விட்டேன்.

அக்கா, மடிக்க வேண்டிய இடத்தையெல்லாம் வெட்டுது, வெட்ட வேண்டிய இடத்தையெல்லாம் மெதுவா அமுக்குது. ஆறாம் நம்பர்ல கத்திக்கும் சக்கரத்துக்கும் நம்பரை மாத்தி வச்சிருக்கான் புண்ணியவான். பழசுல கத்தி பூஜ்யம், சக்கரம் ஒண்ணு. புதுசுல தலைகீழ். எரர் இல்ல, எச்சரிக்கை இல்ல, ரொம்ப நம்பிக்கையா, ரொம்ப வேகமா, ஒரு முழு அட்டையை ரிப்பனா கிழிச்சுப் போட்டுடுச்சு. நான் வாயைப் பொளந்து பார்த்துட்டு நிக்கிறேன், நிறுத்துற பட்டனே கண்ணுக்குத் தெரியல. அப்பா வந்தார். ஒரு ரிப்பனை எடுத்துப் பார்த்தார். தலையில வச்சுக்க நல்லாயிருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் ஜோக் அடிச்சு வருஷக் கணக்காச்சு அக்கா. எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல, ரெண்டும் சேர்ந்து மூக்கு வழியா வந்துச்சு.

அப்புறம் ஒழுங்கா பண்ணேன். அந்த லிங்க்கைத் தூக்கிட்டேன். பழைய சிஸ்டத்தோட பேக்கேஜ் வச்சிருக்கிற இடத்துல இருந்து உண்மையான அஞ்சாம் நம்பரையே எடுத்தேன். அது கூடவே இன்னொரு ஆப்சென்ட்டும் வந்துடுச்சு, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்க. அதைக் கொண்டுபோய் சிஸ்டம் ஃபோல்டர்ல கலக்கல, பாருங்க, புரோகிராம் பக்கத்துலயே தனி ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன். நீ முதல்ல இங்க தேடு, இல்லன்னா வெளிய போன்னு ரெண்டு வரி. மத்த புரோகிராம் எதுவும் பாதிக்காது. நல்லா பண்ணியிருக்கேனா? நிஜமாவா? அம்மா! இவங்க நல்லா பண்ணியிருக்கேன்னு சொல்றாங்கம்மா! அம்மாவுக்குக் கேட்கல, பரவாயில்ல.

ஆக நாலு பேர் வந்தாச்சு. அஞ்சாவது ஆள்தான் பிரச்சனை.

பேரைப் பாருங்க. வாலு. லிப்-வாலு. இதை நெட்ல போய்த் தேடினீங்கன்னா நாய்ப் படம்தான் வரும். ஏன்னா அது அண்ணனே எழுதின லைப்ரரி. டப்பாவை எப்படி விரிக்கிறது, எந்த மூலையில எவ்வளவு விட்டு மடிக்கிறதுங்கிற கணக்கு முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. மத்த நாப்பது பேரும் இருந்தாலும் இது இல்லாம ஒரு டப்பா வராது.

வாலுன்னா... நான்தான் அக்கா. என்னை வீட்ல அப்படித்தான் கூப்பிடுவான். அவன் இதை எழுதுறப்போ நான் பக்கத்துல நின்னுட்டு எதையாவது அமுக்கிட்டே இருப்பேன். அதனால வச்ச பேராம். எனக்கே போன வாரம் வரைக்கும் தெரியாது. அட்டென்டன்ஸ் லிஸ்ட்ல என் பேரே ஆப்சென்ட்னு வந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க.

ஏன் போனானா? சின்ன விஷயம்தான். எல்லாம் சின்ன விஷயம்தானே. மிஷின் வந்த புதுசுல அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் இங்க நின்னுட்டு, உங்க பையன் பெரிய வேலை பண்ணியிருக்கான்யான்னார். அதுக்கு அப்பா, மிஷின் வெட்டுது, இவன் உட்கார்ந்திருக்கான்னுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் எட்டு மாசம் இதே சேர்ல உட்கார்ந்து எழுதுனவன். அவனும் சிரிச்சான். மறுநாள் ஒரு பையை மாட்டிட்டுக் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் அம்மாகிட்ட பேசுவான், என்கிட்ட பேசுவான். அப்பா ஃபோனை எடுத்தா ராங் நம்பர் மாதிரி வச்சுடுவான். அப்பா மட்டும் என்னவாம்? தினமும் காலையில வந்து முதல் வேலையா அவன் புரோகிராமைத்தான் திறப்பார். யாராவது எதையாவது தொட்டுட்டா குதிப்பார். ஆனா அவன் பேரைச் சொல்லமாட்டார்.

இன்னைக்கு காலையில என்ன பண்ணார் தெரியுமா? அண்ணன் கட்டில் மேல மூணு வருஷமா அட்டை பண்டல்தான் அடுக்கி வச்சிருக்கு. தனியா ஒவ்வொண்ணா இறக்கி வச்சார். எதுக்குப்பான்னா, பண்டல் ஈரமாகுதாம். மழையே இல்லக்கா! இறக்கி வச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, உங்களுக்கு ஃபோன் போட்டார். இப்படிப்பட்ட மனுஷனை எந்தக் கமாண்ட் போட்டுத் திறக்கிறது?

மறுபடி கம்பைல் பண்ணலாமா? பண்ணலாம் அக்கா, ஆனா அவன் எழுதின மூலம், அந்த சோர்ஸ், அவன்கிட்டதான் இருக்கு. ஃபோன்ல அனுப்பச் சொன்னேன். பழைய லேப்டாப்ல இருக்கு, எது கடைசின்னு எனக்கே தெரியாது, ஃபோன்ல வேணாம், நேர்ல வந்து பார்க்கிறேன்னுட்டான். திங்கக்கிழமை அது. நான் திக்கித் திக்கி, அண்ணா வாலுவைக் காணோம்னு சொன்னேன். உடனே, வெள்ளிக்கிழமை வர்றேன்னான். அவ்வளவுதான். மூணு வருஷமா அம்மா அழுது கூப்பிட்டு வராதவன், ஒரு ஃபைலைக் காணோம்னதும் வர்றான்.

டிஸ்க் முழுக்கவா? தேடியாச்சு அக்கா. நேரம் ஆகும் அது, ரொம்ப நேரம் ஆகும். நீங்க அடுத்த இடத்துக்கு வேற போகணும்னு சொன்னீங்களே. வேணும்னா போயிட்டு நாளைக்கு வாங்களேன். இல்ல, துரத்தல! உங்க நல்லதுக்குச் சொன்னேன்.

அந்த ஃபைலையா திறந்தீங்க? அது... அது லைப்ரரியெல்லாம் எங்க இருக்குன்னு விலாசம் எழுதி வைக்கிற இடம். ஆமா, அப்டேட் ஆனப்போ பழைய விலாசமெல்லாம் போயிடுச்சு. ஆமா, அதுல புதுசா ஒரு வரி இருக்கு. அண்ணனோட பழைய ஃபோல்டர் விலாசம்தான். நான்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை.

ஃபோல்டர் காலியாத்தான் இருக்கும். அதுல கடைசியா கை வச்சதும் செவ்வாய்தான், தேதியைப் பார்த்துட்டீங்க. நீங்க ரொம்ப வேகம் அக்கா. நான் இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுலயே ஓட்டிடலாம்னு பார்த்தேன்.

தேடாதீங்க. வாலு அங்க இல்ல. என் பாக்கெட்ல இருக்கு, பென் டிரைவ்ல.

பொய் சொல்லல அக்கா! நான் சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. திங்கக்கிழமை வரைக்கும் நடந்ததைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமையைச் சொல்லல, அவ்வளவுதான். செவ்வாய் மத்தியானம் கண்டுபிடிச்சுட்டேன். ஃபைல் எங்கயும் போகவே இல்ல, அது வச்ச இடத்துலயே உட்கார்ந்திருந்துச்சு. விலாசம்தான் அழிஞ்சு போயிருந்துச்சு. ஒரு வரி எழுதி, லிஸ்ட்டைப் புதுப்பிச்சேன். திறந்துடுச்சு. அப்பாவும் அம்மாவும் டெலிவரிக்குப் போயிருந்தாங்க. ஒரே ஒரு டப்பா வெட்டினேன், மூடி சும்மா டக்குனு உட்கார்ந்துச்சு. தனியா நின்னு குதிச்சேன். அண்ணாவுக்குச் சொல்லணும்னு ஃபோனை எடுத்தேன்.

சொன்னா வரமாட்டான்ல?

ஃபோனை வச்சுட்டேன். வாலுவைத் தூக்கி பாக்கெட்ல போட்டுட்டேன். அந்த டப்பாவைப் பிச்சு அடுப்புல போட்டேன். அப்பா கட்டைவிரல்ல டேப் சுத்தியிருக்கார், பார்த்திருப்பீங்க. அது என்னாலதான். புதன்கிழமை அவர் விரலை ஊதிக்கிட்டு இருந்தப்போ திருப்பிப் போட்டுடலாம்னு இங்க வந்து உட்கார்ந்துட்டேன். போடல. நீங்களும் அண்ணன் தம்பியோட பொறந்தவங்கதானே? இந்தாங்க, பிடிங்க. போட்டா ரெண்டு நிமிஷத்துல ஓடும். அப்பாவுக்குக் கை வலி நிக்கும், அண்ணன் பாதி வழியில இறங்கிடுவான். இல்லன்னா அரை மணி நேரம் சும்மா எதையாவது தட்டிட்டு இருங்க. நீங்களே முடிவு பண்ணுங்க. சத்தம் நின்னுடுச்சு, அப்பா வர்றார்.

என்னப்பா? அவங்களையே கேளுங்க, நான் சொன்னா நம்பமாட்டீங்க.

கேட்டீங்களாப்பா? எழுதினவன் வந்தாத்தான் ஆகுமாம்! அவனை விட்டா வேற யாராலயும் முடியாதாம்! நான் சொல்லலப்பா, அவங்க சொல்றாங்க. பெரிய வேலைன்னு சொல்றாங்க. அந்த வார்த்தையைத்தான் சொன்னாங்க, பெரிய வேலை. இல்ல, சிரிக்கல. எனக்கு மூஞ்சியே இப்படித்தான்.

எங்க கிளம்பறீங்க? கத்தியை வச்சுட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டுக்கா? ரோட்டைத் தோண்டி வழி மாத்தி விட்டிருக்காங்க, அவனுக்குத் தெரியாதுங்கிறீங்களா? சரிப்பா. ஆமாப்பா, அவனுக்கு எப்படித் தெரியும். பார்த்துப் போங்க.

அப்பா! நில்லுங்க! அது அம்மா செருப்பு!